கட்டிப்போட்ட இடது கை

ஓப்ராத்தின் இடது கையை அவன் மனைவி விதா தன் பூப்போட்ட தலைத்துணியால் கழுத்தோடு சேர்த்துக் கட்டிவைத்திருந்தாள். கை உடையவில்லை, சுளுக்கவில்லை, அதற்கு ஒரு கேடும் இல்லை. கைக்கு மேலே, காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டியை வைத்துத் தைத்திருந்தார்கள். பேஸ்மேக்கர். இதயம் துடிக்க மறந்தால் ஞாபகப்படுத்துகிற பெட்டி. நோய் இதயத்துக்கு, தண்டனை கைக்கு.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். ஜன்னலோரம் என்றால் ஜன்னலிலிருந்து நன்றாகத் தள்ளி. எதிர்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று விதா வேறு வந்து வந்து பார்த்துவிட்டுப் போனாள். எங்கள் ஊர்க்காரர்களுக்குத் துப்பாக்கியிடம் பயம் கிடையாது, மொராவா ஆற்று வெள்ளத்திடம் பயம் கிடையாது. கதவும் ஜன்னலும் ஒரே நேரத்தில் திறந்து நடுவில் காற்று ஓடினால் மட்டும் ஈரக்குலை நடுங்கும். நெஞ்சைக் கீறித் தைத்துக்கொண்டு வந்தவன் கடைசியில் காற்றோட்டத்தில் உட்கார்ந்து செத்தான் என்று பேர் வரலாமா?

தெருக்கோடியில் ரம்பம் ஓடும் சத்தம் கேட்டது. ஓப்ராத் காதைத் தீட்டிக்கொண்டான்.

"யாரு அது, விதா?"

"ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரன். மருந்துக்கடைக்காரி வீட்டுக்கு வந்திருக்கான்."

"ரம்பத்துப் பல்லைத் தீட்டாம அறுக்கறான். சத்தத்துலயே தெரியுது, முட்டாப்பய."

"தெரியுதுல்ல, பேசாம இரு. நம்ம வீட்டு மரமும் முழுசு முழுசா கொட்டாய்ல கிடக்குது. குளிர் வந்தாச்சு. அவனையே கூப்பிட்டு…"

"என் பொணத்து மேலதான் அவன் ரம்பம் இந்த முற்றத்துக்குள்ள வரும்!"

சாதாரணமாக இப்படிச் சொன்னால் விதா நாலு வார்த்தை திருப்பிக் கொடுப்பாள். அன்று முகம் வெளுத்து, சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஓப்ராத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த நாட்களில் அவனுக்கு எதுதான் விளங்கியது?

அவன் விறகு அறுக்கிறவன். எங்கள் ஊரான வெர்போவட்ஸில் அடுப்பு எரிகிற வீடுகள் எல்லாவற்றிலும் அவன் அறுத்த விறகுதான் எரிந்தது. பழைய டிராக்டர் எஞ்சின் ஒன்று, யாரோ கழித்துப் போட்ட காரின் அச்சு ஒன்று, அப்பா விட்டுப்போன வட்ட ரம்பம் ஒன்று, இவற்றைச் சேர்த்து அவனே பண்ணிய வண்டி. பார்க்க சகிக்காது. ஆள் நடக்கிற வேகத்துக்கு மேல் போகாது. ஆனால் வெயில் இறங்கி, பிளம் பழம் உதிரத் தொடங்கிவிட்டால் ஊரே அந்த வண்டிச் சத்தத்துக்காகக் காத்திருக்கும். என் வீட்டுக்கு முதலில், உன் வீட்டுக்கு முதலில் என்று பெண்கள் வேலிக்கு வேலி சண்டை போடுவார்கள். அந்தச் சண்டையை அவன் மீசைக்குள் சிரித்துக்கொண்டு கேட்பான். மருந்து வாங்கியே அறியாதவன், அவன் பேர் மருந்துக்கடைக்காரிக்குக்கூட விறகு விஷயமாகத்தான் தெரியும்.

அந்த வருஷம்தான் குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டியது. ஒரு மடக்கு பிளம் சாராயம் குடிப்பான், இன்னொரு மடக்கை மணிக்கட்டில் தேய்ப்பான், "சரியாப் போச்சு" என்பான். சரியாகவில்லை. ஒருநாள் மிலிசாவ் வீட்டு முற்றத்தில் ரம்பம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

மிலிசாவ் அவனுக்குக் கூம். கல்யாணத்தில் சாட்சி நின்றவன், பிறகு மகளின் ஞானஸ்நானத்தில் குழந்தையைக் கையில் ஏந்தியவன். எங்கள் பக்கம் கூம் என்றால் கூடப்பிறந்தவனுக்கும் ஒரு படி மேல். நல்ல மனுஷன்தான். ஆனால் வாய் இருக்கிறதே, அது மூளையைக் கேட்டுக்கொண்டு திறக்கிற வழக்கமே இல்லை. எஞ்சினை அணைத்தான், ஓப்ராத்தின் சாம்பல் நிற முகத்தைப் பார்த்தான், வாசலுக்கு ஓடினான். "ஓப்ராத் போயிட்டான்! ஓப்ராத் போயிட்டான்!" என்று தெரு முழுக்கக் கேட்கக் கத்தினான். ஆம்புலன்ஸுக்குச் சொன்னது அவன் மனைவி. வண்டி கிளம்புகிற நேரத்தில்தான் விதா ஓடிவந்து ஏறினாள், கையில் ஏதோ கடைப் பையோடு.

நகரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் தியோதோரா பெட்டியை வைத்தார். அனுப்பும்போது படுக்கைப் பக்கம் நின்று நிதானமாகச் சொன்னார்.

"இடது கையைத் தோளுக்கு மேல தூக்காதீங்க, சில வாரத்துக்கு. கனமா எதையும் தூக்காதீங்க. மத்தபடி கையை ஆட்டுங்க, நடங்க, வீட்டுக்குள்ளயே முடங்கிடாதீங்க. உள்ள விட்டிருக்கற கம்பி நல்லா பிடிச்சுக்கற வரைக்கும்தான் இந்தக் கட்டுப்பாடு."

இவ்வளவுதான். இதில் குழம்ப என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். நெஞ்சில் கட்டுப் போட்டுக்கொண்டு கேட்டுப் பாருங்கள், அப்போது தெரியும். விதாவின் காதில் விழுந்தது 'தூக்காதீங்க' மட்டும். ஓப்ராத்தின் காதில் விழுந்தது 'கம்பி' மட்டும். காரோடு அழைத்துவர வந்த மிலிசாவ் அந்த அறைக்குள்ளேயே இல்லை. அதனால் அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

கம்பி என்றால் என்ன என்று ஓப்ராத்துக்குச் சொல்லித்தர வேண்டுமா? அவன் வண்டியில் எஞ்சினுக்கு நெருப்புப் பொறி கொண்டுபோகிற கம்பி ஒன்று உண்டு. எவ்வளவு முறுக்கி மாட்டினாலும் அதிர்வில் அதிர்வில் தளர்ந்து, ஏதாவது ஒரு வீட்டு முற்றத்தில், பாதி மரம் அறுத்துக்கொண்டிருக்கும்போது கழன்றுவிடும். எஞ்சின் ஒரு விக்கல் விக்கி நின்றுவிடும். இப்போது அதே மாதிரி ஒரு கம்பி தன் இதயத்துக்குள் மாட்டியிருக்கிறது. நடந்தால் அதிர்வு. இருமினால் அதிர்வு. படி இறங்கினால் அதிர்வு. பிறகு எப்படி நடக்கச் சொன்னார் அந்த அம்மா? நடக்கச் சொன்னாரா, நடக்க வேண்டாம் என்றாரா? கேட்டது நிஜமா, மயக்க மருந்தில் கேட்ட பிரமையா?

விதாவைக் கேட்டால் அவள் இன்னும் குழப்பினாள்.

"டாக்டர் நடக்கச் சொன்னாங்கல்ல, இப்படிப் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கியே, மனுஷா!" என்பாள். அவன் எழுந்து கதவுப் பக்கம் போனால், "ஏய், எங்க கிளம்பிட்ட? விழுந்து வைக்கவா?" என்று சமையலறையிலிருந்து பாய்ந்து வருவாள். உட்கார்ந்தாலும் திட்டு, எழுந்தாலும் திட்டு. நடுவில் அரைகுறையாகக் குனிந்து நின்றான் ஒருநாள். அதற்கும் திட்டு விழுந்தது.

மிலிசாவோ தினமும் வந்தான். வந்தான் என்றால் வேலிக்கு வெளியே வந்து நிற்பான். செல்போன் பக்கத்தில் வந்தால் பெட்டி நின்றுவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். போனை வீட்டில் வைத்துவிட்டு வரலாமே என்று அவனுக்குத் தோன்றவில்லை.

"கூம்! அசையாதே!" என்று தெருவிலிருந்து கத்துவான். "எங்க மாமா பையனுக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர், உன்னை மாதிரியே பெட்டி வெச்சவர். அலமாரி மேலிருந்து தொப்பி எடுத்தார். அவ்வளவுதான்!"

"செத்துட்டாரா?"

"அது தெரியாது. ஆனா தொப்பி எடுத்தார்!"

இதைக் கேட்ட பிறகுதான் விதா தலைத்துணியை அவிழ்த்துக் கையைக் கட்டினாள். ஓப்ராத்தும் காட்டிக்கொண்டு நின்றான். பார்க்க வந்தவர்கள், இரண்டு கன்னத்திலும் மாற்றி மாற்றிக் கொடுக்கிற வழக்கமான மூன்று முத்தத்தையும் வலது கன்னத்திலேயே கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி கோழிச்சாறு குடி என்றாள், இன்னொருத்தி உப்பு வாசமே கூடாது என்றாள். ஒருவன் படுத்தே இரு என்றான், அடுத்தவன் படுத்தால் கம்பி வளையும் என்றான். எல்லோருக்கும் தலையாட்டித் தலையாட்டி அவனுக்கு எது டாக்டர் சொன்னது, எது ஊர் சொன்னது என்றே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இதெல்லாம் போகட்டும். அவன் மனதை அரித்தது வேறு. ஸ்லாவா வந்துகொண்டிருந்தது.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புனிதர், அவருக்கு வருஷத்தில் ஒருநாள். ஓப்ராத் வீட்டுக்கு நவம்பரில் வருகிற அதிதூதர் மிக்கேல். அன்றைக்கு யாரையும் அழைக்கிற வழக்கம் இல்லை. அழைக்காமலே வருவார்கள். வரவேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. வீட்டுத் தலைவன் அன்று முழுக்க உட்காரக் கூடாது. நின்றுகொண்டே ஊற்றவேண்டும், நின்றுகொண்டே உபசரிக்கவேண்டும். அதற்கும் முன்னால் காலையில் பாதிரியார் வருவார். பின்னல் போட்டுச் சுட்ட பெரிய ரொட்டியை அவரும் வீட்டுத் தலைவனும் இரண்டு பக்கமும் பிடித்துத் திருப்பி, மூன்று முறை மேலே தூக்குவார்கள். இரண்டு கையாலும். அப்பா தூக்கினார், அப்பா போன பிறகு இவன் தூக்கினான். இவனுக்குப் பிறகு ஆள் இல்லை. ஒரே மகள் கல்யாணமாகிப் புருஷன் வீட்டுப் புனிதரிடம் போய்விட்டாள். ஓப்ராத் நிற்கவில்லை என்றால் அந்த வீட்டில் ஸ்லாவா நிற்கப் போவதில்லை. தூக்கினால் கம்பி கழலும், தூக்காவிட்டால் அப்பாவின் முகத்தில் எப்படி விழிப்பது? அதுவும் சீக்கிரமே விழிக்கவேண்டி வந்துவிட்டால்?

இந்த நிலைமையில்தான் அவன் அந்தக் கோதுமையைப் பார்த்தான்.

விதா கடைக்குப் போயிருந்தாள். ஊறுகாய் மிளகாய் ஒன்று கடிக்க ஆசை வந்து சாமான் அறைக்குள் போனான். மாவுப் பைக்குப் பின்னால், வெள்ளைத் துணியில் முடிந்து, உமி நீக்கிய கோதுமை. பக்கத்தில் உடைத்து வைத்த வால்நட் பருப்பு. மறைத்து வைத்திருந்தாள் என்பது பார்த்தாலே தெரிந்தது.

ஓப்ராத் மிளகாயை மறந்தான். அந்தக் கோதுமையை வேகவைத்து, அரைத்து, சர்க்கரையும் வால்நட்டும் கலந்து செய்வது இறந்தவர்களுக்கு. புதைக்கிற அன்று, நாற்பதாம் நாள், வருஷ முடிவில், வந்தவர்கள் ஆளுக்கு ஒரு கரண்டி எடுத்து, சிலுவை போட்டுக்கொண்டு, "ஆண்டவர் மன்னிப்பாராக" என்பார்கள். மற்ற புனிதர்களின் ஸ்லாவாவுக்கும் செய்வதுண்டு, அவர்களும் செத்துப் புனிதரானவர்கள்தானே. ஆனால் அதிதூதர் சாகவில்லை. அவர் உயிரோடு இருக்கிறார். அதனால் அவர் நாளுக்கு ஓப்ராத் வீட்டில் கோதுமை வேகவைப்பதே கிடையாது. அப்பா காலத்திலும் கிடையாது, தாத்தா காலத்திலும் கிடையாது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் செய்யவேண்டியது எல்லாம் செய்து முடிந்தாகிவிட்டது. மாமியாரின் நாள் வசந்தத்தில்.

அப்படியானால் இந்தக் கோதுமை யாருக்கு?

எல்லாம் பொருந்தி வருகிற மாதிரி இருந்தது. எங்கள் பக்கத்து டாக்டர்கள் கெட்ட செய்தியை நோயாளியிடம் சொல்லமாட்டார்கள், வீட்டு ஆளைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டுச் சொல்வார்கள். விதாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் முகம் வெளுக்கிறாள். அதனால்தான் எழுந்தாலும் திட்டு, உட்கார்ந்தாலும் திட்டு. அதனால்தான் முட்டைக்கோஸ் பீப்பாயைக்கூட தன்னந்தனியாக உருட்டிக்கொண்டு போகிறாள், பழகிக்கொள்கிறாள் போல. முடிச்சை இருந்தபடியே வைத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். விதா வந்ததும் கேட்கலாம் என்று வாயைத் திறந்தான். "மிளகாய் இருக்கா?" என்று கேட்டான்.

மறுநாள் முழுக்கப் படுக்கையை விட்டு எழவில்லை. மூச்சைக்கூட அளந்து விட்டான். கழலவேண்டிய கம்பி ஸ்லாவாவுக்குப் பிறகு கழலட்டும் என்பது கணக்கு. அதற்கடுத்த நாள் அந்தக் கணக்கின் மேலேயே எரிச்சல் வந்தது. எப்படியும் போகப்போகிறவன் படுத்துக்கொண்டு என்ன சாதிக்கப்போகிறான்? நேராகக் கொட்டாய்க்குப் போய் வலது கையால் கோடரியை எடுத்தான். ஊருக்கெல்லாம் அறுத்தவன் வீட்டில் மரம் முழுசாகக் கிடக்கிறது, தன் பெண்டாட்டி குளிரில் நடுங்கக் கூடாது என்று ஒரு வேகம். ஓங்கப் போனான். ஒற்றைக் கையால் எப்படி ஓங்குவது? இடது தோளிலிருந்து கழுத்து வரைக்கும் கத்தியால் கீறின மாதிரி ஒரு வலி ஏறியது. கோடரியை நழுவவிட்டுவிட்டு மரத்தின் மேல் உட்கார்ந்து, இதோ, இதோ என்று காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. விதாதான் வந்தாள்.

"எமனோட ஒப்பந்தம் போட்டிருக்கியா, மனுஷா? இங்க வந்து என்ன பண்ற?"

"தோள் வலிக்குது, விதா."

அவள் திட்டுவதை நிறுத்திவிட்டாள். அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது. அன்றே மிலிசாவ் காரை எடுத்தான். போனை விதாவிடம் கொடுத்துவிட்டு, ஓப்ராத்தைப் பின்சீட்டில் வலது ஓரம் உட்காரவைத்து, கண்ணாடி எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினான்.

டாக்டர் தியோதோரா பெட்டியைத் தன் கருவியால் சோதித்தார். தையலைப் பார்த்தார். படம் எடுக்கச் சொல்லி அதையும் பார்த்தார். பிறகு பூப்போட்ட தலைத்துணியைப் பார்த்தார்.

"இது என்ன?"

"கை," என்றான் ஓப்ராத்.

"கைனு தெரியுது. யார் கட்டினது?"

ஓப்ராத் விதாவைப் பார்த்தான். விதா மிலிசாவைப் பார்த்தாள். மிலிசாவ் சுவரில் மாட்டியிருந்த இதயப் படத்தைப் பார்த்தான்.

"அவிழ்த்துட்டுக் கையைத் தூக்குங்க. மெதுவா."

கை இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றுவிட்டது. ஓப்ராத்தின் கண்ணில் தண்ணீர் வந்தது. டாக்டருக்குக் கோபம் வந்தது.

"பெட்டி நல்லா இருக்கு. கம்பி வெச்ச இடத்துலயே இருக்கு. வலி தோள்ல இருக்கு, ஐயா! அசைக்காமலே வெச்சிருந்து தோளை நீங்களே பூட்டிட்டீங்க. தோளுக்கு மேல வேணாம்னுதான் சொன்னேன். தோளே வேணாம்னா சொன்னேன்? தினமும் ஆட்டுங்க. தட்டு எடுங்க, சட்டை போடுங்க, தலையைத் தவிர எங்க வேணா சொறிஞ்சுக்கங்க. நடங்க. நல்லா நடங்க."

"ரம்பம்?"

"இப்ப வேணாம். அடுத்த தடவை பார்த்துட்டுச் சொல்றேன். அப்பவும் ஓடற எஞ்சின் மேல நெஞ்சைச் சாய்ச்சுக்கிட்டு நிக்கக் கூடாது, ஒரு கை தூரம் தள்ளி நிக்கணும்."

விதாவும் மிலிசாவும் வெளியே போனதும் ஓப்ராத் குரலைத் தாழ்த்தினான். "டாக்டரம்மா, இப்ப உண்மையைச் சொல்லுங்க. எனக்கு எவ்வளவு நாள்?"

"எதுக்கு?"

"எதுக்குன்னா… எனக்கு."

"பத்து வருஷம் போல ஆனா பேட்டரி மாத்தணும். அப்ப வாங்க. சீக்கிரம் வரணும்னா இப்படியே கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருங்க."

சிரித்துக்கொண்டே சொன்னார். நல்ல பெண்மணி, எவ்வளவு அழகாகப் பொய் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டான் ஓப்ராத். வீட்டில் கோதுமை இருக்கிறதே!

அன்றிலிருந்து கையை ஆட்டத்தான் செய்தான். ஆனால் திருடன் மாதிரி, யாரும் பார்க்காதபோது. கொஞ்சம் கொஞ்சமாக மார்பு வரைக்கும், அதற்கும் மேலே வந்தது. தலைத்துணி மட்டும் கழுத்தில் அப்படியே தொங்கியது. அவிழ்க்க அவனுக்கும் தைரியம் இல்லை, அவிழ்க்கச் சொல்ல அவளுக்கும் தைரியம் இல்லை.

ஸ்லாவா அன்று காலை அவனை எழுப்பியது ஒரு வாசனை. வெந்த கோதுமையின் இனிப்பு வாசனை. சட்டையை மாட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனான். ரொட்டி ஒரு பக்கம் தயாராக இருந்தது. மறுபக்கம் விதா அரைத்த கோதுமையில் வால்நட்டைக் கொட்டிப் பிசைந்துகொண்டிருந்தாள். இவனைப் பார்த்ததும் பாத்திரத்தைத் தன் உடம்பால் மறைத்தாள். அவ்வளவு பெரிய பாத்திரத்தை எப்படி மறைக்க முடியும்?

"மறைக்காதே, விதா. பார்த்துட்டேன். ரொம்ப நாளாவே தெரியும்." ஓர் அடி கிட்டே வந்தான். "டாக்டர் என்ன சொன்னாங்கன்னு சொல்லு. தாங்கிக்கறேன். ஆனா இன்னைக்கே எதுக்குடி? ரொட்டியைத் தூக்கற வரைக்குமாவது பொறுக்கக் கூடாதா?"

விதா பாத்திரத்தை விட்டுத் திரும்பினாள். "டாக்டரா? டாக்டர் என்ன சொன்னாங்க?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்! இந்தக் கோதுமை யாருக்கு?"

"உனக்கு."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். சர்க்கரை ஒட்டிய கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு வாங்கினது. கூம் தெருவுல கத்தினானே, ஓப்ராத் போயிட்டான்னு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. உன்கிட்ட ஓடி வரணும்னுகூடத் தோணல, மனுஷா. எங்கம்மா போனப்ப என்ன பண்ணினேனோ அதையே பண்ணினேன். கடைக்குப் போனேன். கோதுமை குடுங்கன்னேன். நீ அங்க தரையில கிடக்கற, நான் இங்க காசு குடுத்து மீதி வாங்கிட்டு நிக்கறேன். வெளிய வந்தா ஆம்புலன்ஸ் சத்தம் போட்டுக்கிட்டுப் போகுது. செத்தவனுக்கு எதுக்கு இவ்வளவு சத்தம்னு அப்பதான் உறைச்சுது. ஓடி வந்தேன். பை கையிலேயே இருந்துச்சு. ராத்திரி பூரா ஆஸ்பத்திரியில அந்தப் பையை மடியில வெச்சுக்கிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன்."

ஓப்ராத் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தான்.

"கொட்டிப் போட முடியல, கோதுமையைக் கொட்டினா பாவம். யாருக்காவது குடுத்தா அவங்க வீட்டுல ஏதாவது ஆயிடுமோன்னு பயம். வீட்டுலயே வெச்சா, வாங்கின கோதுமை ஆளைத் தேடிக்கிட்டே இருக்கும்போல ஒரு பயம். நீ எழுந்தா பயம், நடந்தா பயம், கையைத் தூக்கினா பயம். அதான் கட்டி வெச்சேன். நான்தான் அவசரப்பட்டு உன்னைப் புதைச்சுட்டேன், நீ உயிரோட இருக்கும்போதே…" மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நேத்து தோணுச்சு. மிட்டாய்க்கடையில இதையே க்ரீம் போட்டுக் கிண்ணத்துல விக்கறான். உயிரோட இருக்கறவங்கதானே திங்கறாங்க? யாருக்காக வாங்கினேனோ அவனே தின்னு தீர்த்துட்டா கணக்கு முடிஞ்சுதுன்னு…"

அடுப்பில் ஏதோ கொதித்து வழிந்தது. இரண்டு பேரும் கவனிக்கவில்லை. இத்தனை நாள் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்ததை எல்லாம் எங்கே வைப்பது என்று தெரியாமல் ஓப்ராத் நின்றான். தாழ்வாரத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை. டாக்டர் பொய் சொல்லவில்லை. பத்து வருஷம் என்றால் பத்து வருஷம்தான்! அழுவதா, சிரிப்பதா, இவளை ஓர் அறை விடுவதா, கட்டிக்கொள்வதா? கடைசியில் கழுத்திலிருந்த தலைத்துணியைக் கழற்றி அவள் தோளில் போட்டான்.

"க்ரீம் எங்க?"

"குளிர்பெட்டியில."

கிண்ணத்தை இடது கையில் வாங்கிக்கொண்டான். ஒரு கரண்டி வாயில் போட்டு மென்றான். "சர்க்கரை பத்தல," என்றான். "என் சாவுக்குக்கூடக் கஞ்சத்தனமா?"

விதா அழுகைக்கு நடுவில் ஒரு சிரிப்புச் சிரித்தாள், பாருங்கள், முற்றத்தில் கோழிகள் எல்லாம் நிமிர்ந்து பார்த்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து மிலிசாவ் உள்ளே வந்தான். ஸ்லாவா என்பதால் வேலியைத் தாண்டி வரத் துணிந்திருந்தான். போனை மட்டும் வாசல் பூந்தொட்டியில் புதைத்துவிட்டு வந்திருந்தான். கோதுமையைப் பார்த்ததும் அப்படியே நின்றான். அதிதூதர் நாளில், இந்த வீட்டில்?

"யாருக்கு?" என்றான் மெதுவாக.

"எனக்கு," என்றான் ஓப்ராத். "நீதானே தெரு பூரா சொன்ன? வா, உட்கார். ஊருக்கு முதல்ல சொன்னவன் நீ, முதல் கரண்டியும் உனக்குத்தான்."

மிலிசாவுக்கு முழி பிதுங்கியது. ஆனால் நீட்டிய கோதுமையை மறுப்பது எங்கள் ஊரில் நடக்கிற காரியமா? பழக்கதோஷத்தில் எழுந்து நின்றான், சிலுவை போட்டுக்கொண்டான், ஒரு கரண்டி எடுத்து, "ஆண்டவர் மன்னிப்பாராக" என்றான். சொன்ன பிறகுதான் எதிரே நிற்பவன் யார் என்று உறைத்தது. கரண்டி வாயிலேயே நின்றுவிட்டது.

"அவர் மன்னிச்சாலும் மன்னிப்பார்," என்றான் ஓப்ராத். "விதா உன்னை மன்னிக்கமாட்டா. முழுங்கு."

பாதிரியார் பந்தேலியா வந்தபோது மூன்று பேரும் வாய் நிறையக் கோதுமையோடு மேஜையைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். பெரியவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பாத்திரத்தைப் பார்த்தார்.

"என்ன விதா, அதிதூதருக்குக் கோதுமையா? அவர் உயிரோட இருக்கார்னு உனக்குத் தெரியாதா?"

"இது அதிதூதருக்கு இல்ல, சாமி. இவருக்கு வாங்கினது," என்றாள் விதா. "இவரும் உயிரோடதான் இருக்காரு. அதான் மிச்சம் வைக்காம தின்னுக்கிட்டிருக்கோம்."

பாதிரியார் ஓப்ராத்தைப் பார்த்தார், விதாவின் அழுத முகத்தைப் பார்த்தார், மிலிசாவின் திருட்டு முழியைப் பார்த்தார். அங்கியின் கையை மடித்துக்கொண்டு, "அப்ப எனக்கும் ஒரு கரண்டி போடு, க்ரீம் கொஞ்சம் தாராளமா," என்றார்.

பிறகு மெழுகுவத்தி ஏற்றினார்கள். ஜெபம் முடிந்து, ரொட்டியை ஒரு பக்கம் பாதிரியாரும் மறுபக்கம் ஓப்ராத்தும் பிடித்தார்கள். சுற்றித் திருப்பினார்கள். முதல் முறை தூக்கியபோது ரொட்டி மார்புக்கு வந்தது. இரண்டாம் முறை அதற்குக் கொஞ்சம் மேலே வந்தது, தோள் லேசாக வலித்தது, அது வெறும் தோள் வலிதான். மூன்றாம் முறை ஓப்ராத்துக்கு ஆவேசம் வந்துவிட்டது. அப்பா தூக்கிய உயரத்துக்குத் தூக்கிவிடலாம் என்று கை எழும்பியது. அப்போது விதா பக்கத்தில் வந்து அவன் இடது மணிக்கட்டின் மேல் தன் கையை வைத்து, தோளுக்கு நேராக நிறுத்தினாள்.

"இதுவரைக்கும்," என்றாள் காதோடு. "இதுவரைக்கும் வரலாம்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

அதே வார்த்தையைத்தான் அந்த அம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். அது அந்த வீட்டுக்குள் வந்துசேர இத்தனை நாள் ஆயிருக்கிறது. ஓப்ராத் அங்கேயே நிறுத்தினான். மூன்று பேர் சேர்ந்து நிறுத்திய ரொட்டி தோளுயரத்தில் ஒரு கணம் நின்றது. பாதிரியாரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். ஓப்ராத் நின்றுகொண்டே ஊற்றினான், பாட்டிலை வலது கையிலும் கோப்பையை இடது கையிலும் பிடித்துக்கொண்டு. வருகிறவர்களுக்காக வாசல் கதவு விரியத் திறந்திருந்தது, சமையல் புகை போக விதா ஜன்னலையும் திறந்து வைத்திருந்தாள். நடுவில் காற்று பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, யாரும் எழுந்துபோய்ச் சாத்தவில்லை.